ஓம்னியை விரட்டும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

செங்கோட்டையில் ரொம்ப வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கேரளா போகும் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில் கைக்காசு போட்டுப் படமெடுக்க வரும் பையன்களுக்கு வண்டி மக்கர் பண்ணினால் என் கடைதான்.

போன சாரல் சமயத்தில் ஒரு பழைய மாருதி ஓம்னி வேன் வந்தது. காமெடிப் படம். கதைப்படி அது கடத்தல் வண்டி (ஓம்னி வேறு எதற்கு?), துரத்துவது ஒரு டிவிஎஸ் 50. யூனிட்டில் பாதிப் பேர் கேரளா பக்கம் புனலூர்க்காரர்கள். "ஆசானே, பிரேக் கொஞ்சம் லூஸ், இப்பவே வேணும்" என்றான் ஓட்டிய பையன். மிதித்துப் பார்த்தேன். பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி பெடல் அடிவரை போனது. முன் வீல் பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரே இறக்கத்தில் பதினோரு டேக்காம்.

மலையிறங்குகிறவன் அந்த வளைவை ஒரு தடவை கடப்பான். இவர்கள் "ஒன் மோர்" என்று ஏறி ஏறி இறங்குகிறார்கள். பிரேக் ஆறவே நேரமில்லை. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை தாங்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் ஈரம் இழுத்த ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் லைனில் ஆவி. ஆவியை அமுக்கினால் சுருங்குமே தவிர, வீலுக்கு அழுத்தம் போகாது. ஆயிலை மாற்றி, லைனில் நிற்கிற ஏரை வெளியே எடுங்கள். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். நாலு டேக்குக்கு ஒரு டீ குடியுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

இன்னொன்று. கேமராமேன் பின்கதவைத் திறந்துவைத்துத் தரையில் உட்கார்ந்து எடுத்தானாம், தலைவலி என்றான். பின்கதவு திறந்திருந்தால் சைலன்சர் புகை உள்ளேதான் சுழலும். ஓம்னிக்கு முன்னால் பானெட்டும் கிடையாது. மோதினால் முதலில் வாங்குவது ஓட்டுகிறவன் முழங்கால்.

வேகத்தைக் காலில் தேட வேண்டாம். நொடிக்கு 20 பிரேமில் எடுத்து, திரையில் 24-ல் ஓட்டினால் 40 கிலோமீட்டர் 48 ஆகத் தெரியும்; கேமராவைத் தரையோடு வைத்தால் இன்னும் பறக்கும். அந்த லேசான துள்ளலுக்கே ஜனம் சிரிக்கும். அனுமதியில்லாமல் ரோட்டில் விரட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் ஓராண்டு வரை உள்ளே போகலாம். கோட்டைவாசல் எல்லையைத் தாண்டினால் கேரளா போலீஸ், இந்தப் பக்கம் நம்ம போலீஸ். இரண்டு பக்கமும் அனுமதி கேட்க வேண்டும்.

மிச்சக் காட்சியை வற்றிய குளத்துக்குள் எடுத்தார்கள். படம் இன்னும் வரவில்லை. டிஸ்க் மாற்றிய காசும்தான்.