கையில கட்டுன கயிறு

பாளையங்கோட்டையில கவுன்சிலிங் பண்ணிட்டு இருக்கேன். அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து ஒரு அம்மா பதினொண்ணாவது படிக்க மகனக் கூட்டிட்டு வந்தாங்க (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விஷயத்த மாத்தித்தான் எழுதுறேன்). "வாய் ஓயாம பேசுவான் மேடம், இப்ப ஏன்னு கேட்டாக்கூட பதில் சொல்ல மாட்டேங்கான், எம்புள்ள மாதிரியே இல்ல"ன்னு அழுதாங்க.

பையன் கையில ரெண்டு கலர்ல கயிறு. இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு அது என்னன்னு நான் சொல்லணும்னு இல்ல, மத்தவங்களுக்காகச் சொல்றேன், என்ன சாதின்னு காட்டுறதுக்குக் கட்டுற கயிறு. "எல்லாவனும் கட்டிருக்கானுவ மேடம்"னான். சின்னதுல இருந்து கூடவே சைக்கிள்ல போன கூட்டாளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, இப்ப அவன் எதுக்க வந்தா இவன் தலையக் குனிஞ்சுட்டுப் போறான், பேசுனா நம்ம பயலுவ ஒதுக்கிருவானுவன்னு பயம், நல்லா படம் வரைவானாம், கேலி பண்ணுதானுவன்னு அதையும் விட்டுட்டான். "உனக்கு என்னப்பா பிடிக்கும்"னு கேட்டேன், ரொம்ப நேரம் தரையவே பாத்துட்டு "தெரியல மேடம்"னான். எனக்கு கயிறவிட அந்த பதில்தான் பயமா இருந்துச்சு.

அவனுக்கு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டுனேன். 1950-கள்ல அமெரிக்காவுல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் பண்ணுன சோதனை அது, எந்தக் கோடு சமம்னு கண்ணுக்கு நல்லாவே தெரியும், ஆனா கூட உக்காந்திருக்க எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி தப்பா சொல்லுவாங்க, அதக் கேட்டு 100க்கு 75 பேரு ஒரு தடவையாவது தப்பான பதிலச் சொல்லிட்டாங்க. ஆனா கூட்டத்துல ஒரே ஒரு ஆள் சரியாச் சொன்னாப் போதும், அப்படி ஒத்துப்போறது ரொம்பவே குறைஞ்சிருச்சு. பையன் கொஞ்ச நேரம் கழிச்சு "அவன்னா சரியாச் சொல்லிருப்பான் மேடம்"னான். யாருன்னு நான் கேக்கல.

2023-ல நாங்குநேரியில சாதி வெறியில கூடப் படிக்க பயலுவளே ஒரு மாணவன வீடு புகுந்து வெட்டுன கொடுமைக்கு அப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில பள்ளிக்கூடத்துல இந்தக் கயிறத் தடை பண்ணச் சொல்லுச்சு. அது வேணும்தான், எனக்கு அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா இவன் அப்பா கத்திரி எடுத்து அறுத்துட்டு ரெண்டு அடியும் போட்டிருக்காரு, மறுநாளே இன்னொன்னு கட்டிட்டான். வெறுங்கையோட கிளாஸுக்குள்ள போகப் பயப்படுற புள்ளைக்கு அடி என்னத்தச் செய்யும்? மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடுதான்னு மொதல்ல கேளுங்க, கோவப்படாம கேளுங்க. தூக்கம் சாப்பாடு கொறைஞ்சாலோ, சாவு பத்திப் பேசுனாலோ காத்திருக்காதீங்க, 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

போன வாரம் நோட்டுக் கடைசிப் பக்கத்துல வாய்க்கா பாலத்த வரைஞ்சு கொண்டாந்தான். கயிறு இன்னும் கையிலதான் இருக்கு.