தோட்டா உள்ளே போய்விட்டால் போதுமா?

இந்த வாரமும் பழுதுபார்க்க எங்களிடம் ஒன்று வந்துவிட்டது. மேலே கொக்கியைத் தூக்கினால் நடுவில் மடங்கித் திறக்கும் பழைய .32 ரிவால்வர். தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரில் ஓர் அறை புடைத்திருக்கிறது, கொக்கி ஆட்டம் கண்டுவிட்டது. கொண்டுவருகிறவர் சொல்வதும் வழக்கமானதுதான்: "தோட்டா சரியாத்தானே உள்ளே போச்சு?" அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சின்ன ரிவால்வர் வாங்குகிறவர்கள், வாங்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

குழலில் .32 என்று இருந்தால் அது பாதிப் பெயர்தான். .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்) தோட்டா 1878இல், புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்தில் வந்தது. அதன் பித்தளைக் கூடு ஏறக்குறைய 0.6 அங்குல நீளம். 1896இல் வந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் 0.92 அங்குலம். 1984இல் வந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம் 1.075. அதற்கும் பிறகு வந்த .327 ஃபெடரல் மேக்னம் 1.2. நான்கு கூடுகளும் ஒரே பருமன். அதனால் குட்டையான தோட்டாவை நீளமான அறையில் போட்டுச் சுடலாம், ஆபத்தில்லை. நீளமானதைக் குட்டைத் தோட்டாவுக்கான துப்பாக்கியில் போடவே கூடாது. அறைக்குள் துளை குறுகும் இடத்தில் இருக்க வேண்டிய படிதான் அதைத் தடுக்கும். சில பழைய சிலிண்டர்களில் அந்தப் படியே கிடையாது, முன்னும் பின்னும் ஒரே துளை. அங்கே தடுக்க எதுவும் இல்லை, நீளமான தோட்டாவும் தாராளமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

.32 ஏசிபி இன்னும் மோசம். அது ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கான தோட்டா. பழைய .32 எஸ் அண்ட் டபிள்யூ அறைகள் பலவற்றில் பொருத்தமாக உட்காரும். அது எழுப்பும் அழுத்தமோ அந்தத் துப்பாக்கி தாங்கவேண்டிய அளவைவிட வெகு அதிகம். "பத்து ரவுண்டு போட்டேன், ஒன்றும் ஆகலையே" என்பார்கள். ஆகிக்கொண்டுதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கொக்கியும் கீல் ஆணியும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும், அறைச் சுவர் விரியும். சிலிண்டரைப் பூட்டுவதற்காக வெளியே வெட்டிய பள்ளம் இருக்கும் இடத்தில்தான் அந்த மெல்லிய சுவர் முதலில் பிளக்கும். தோட்டா நுழைகிறதா என்பது அளவு பற்றிய கேள்வி. துப்பாக்கி தாங்குமா என்பது உலோகம் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் இரண்டாவதற்கும் 'ஆம்' என்று எப்படித்தான் முடிவு கட்டுகிறார்களோ!

எதிர்த்திசையிலும் குழப்பம் உண்டு. .32 ஷார்ட் கோல்ட், .32 லாங் கோல்ட் இரண்டும் ஒல்லியான கூடுகள். எஸ் அண்ட் டபிள்யூ அறையில் போட்டால் தொளதொளவென்று கிடந்து, சுடும்போது கூடு கிழியும். ஆனால் .32 கோல்ட் நியூ போலீஸ் என்று பொறித்திருந்தால் பயப்பட வேண்டாம், அது எஸ் அண்ட் டபிள்யூ லாங்கேதான். போட்டிக் கம்பெனியின் பெயரைத் தன் குழலில் பொறிக்கக் கோல்ட்டுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

.22 என்றால் விளையாட்டுப் பொருள் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். வேகம் கூட்டிய .22 லாங் ரைஃபிள் தோட்டாக்கள் 1930 வாக்கில்தான் பரவின. அதற்கு முந்தைய சிலிண்டர்களில் தோட்டாவின் விளிம்பு பின்பக்கம் வெளியே தெரியும்படி உட்காரும். அந்த விளிம்பு வெடித்தால் பித்தளைச் சில்லு பக்கவாட்டில் பறக்கும். பிறகு வந்த நல்ல சிலிண்டர்களில் விளிம்பு பள்ளத்துக்குள் அமிழ்ந்திருக்கும். அமிழவில்லையா? அதிவேகத் தோட்டா போடாதீர்கள்.

அடையாளம் காண எழுத்தைவிட அமைப்பைப் பாருங்கள். ஐவர் ஜான்சன் கம்பெனியின் மடக்கு ரிவால்வர்களில் முதல் மாடலின் மேல் கொக்கி ஒரே தூணைப் பிடிக்கும். இரண்டாம் மாடலில் இரு தூண்கள். இவை இரண்டும் கருமருந்துக்கானவை. 1909இல் தொடங்கிய மூன்றாம் மாடலிலும் இரு தூண்கள்தான், ஆனால் பிடியைக் கழற்றினால் உள்ளே சுருள் ஸ்பிரிங் இருக்கும். புகையற்ற மருந்துக்காகச் செய்தது அது மட்டுமே. தட்டை ஸ்பிரிங்கைப் பார்த்தால் சுடும் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். பிடியில் இருக்கும் ஆந்தைச் சின்னத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், நூறு வருடத்தில் பிடியை எத்தனை பேர் மாற்றினார்களோ. 'ஆர்ஜி' என்ற பொறிப்பு ஜெர்மன் ரோம் கம்பெனியுடையது. அதன் மலிவு மாடல்களில் உடலை காந்தம் பிடிக்காது, துத்தநாகக் கலவை. அதைப் பழுது பார்க்கச் சொல்லி எங்களிடம் வராதீர்கள். கூலி துப்பாக்கி விலையைத் தாண்டும், தேய்ந்த துத்தநாகத்தைத் திரும்ப வளர்க்கவும் முடியாது.

கையில் எடுத்ததும் முதலில் திறந்து எல்லா அறைகளும் காலியா என்று பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். மடக்கு வகையானால் மூடி, குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கொக்கியில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். சும்மா இருக்கும்போது சிலிண்டர் தாராளமாகச் சுற்றினால் பதற வேண்டாம், பழைய மலிவு மாடல்கள் பலவற்றின் அமைப்பே அது. டிரிகரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதுதான் சோதனை. அப்போது அது பூட்டியிருக்க வேண்டும். காலி என்று மறுபடி உறுதி செய்தபின், டிரிகரை அப்படியே பிடித்தபடி பின்பக்கம் வெளிச்சம் காட்டிக் குழல் வாய் வழியே பாருங்கள். அறையின் ஓரம் பிறை மாதிரித் தெரிந்தால் குண்டு நேராகக் குழலுக்குள் போகாது, ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் அறை மட்டும் தவறுவது சகஜம்.

குழலுக்குள் கறுப்பு வளையம் தெரிகிறதா? முன்பு குண்டு சிக்கிய இடத்தில் இன்னொன்று மோதியிருக்கிறது. வெளியே தடவினால் புடைப்பு விரலில் தட்டுப்படும். ஹேமரை (பின்பக்கச் சுத்தியலை) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, டிரிகரைத் தொடாமல் பெருவிரலால் முன்னே தள்ளுங்கள். விழுந்தால் வாங்காதீர்கள். .22 என்றால் அறை விளிம்பில் ஊசி குத்திய பள்ளங்களையும் தேடுங்கள். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து விளையாடியவர்கள் விட்டுச்சென்றவை அவை.

ஹேமரிலேயே ஊசி பொருத்திய பழைய மாடல்களில் ஹேமருக்குக் கீழே காலி அறைதான் இருக்க வேண்டும். ஐந்து அறை என்றால் நான்கு தோட்டாதான். அங்கே தோட்டா இருந்தால், துப்பாக்கி கீழே விழும்போது வெடிக்கலாம். ஐவர் ஜான்சன் 'சேஃப்டி' வகையில் நடுவே இருக்கும் சிறு தகடு இதைத் தடுக்கும், அது தேயாமல் இருக்கும்வரை.

சட்டத்தையும் பாருங்கள். 1968இன் அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் செய்த பலவற்றில் தொடர் எண்ணே இருக்காது, அது குற்றமில்லை. எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் வைத்திருப்பதே மத்தியக் குற்றம். தள்ளுபடி தந்தாலும் தொடாதீர்கள். 1898 வரை செய்தவை மத்தியச் சட்டத்தில் பழம்பொருள். வேறு மாநிலத்தவரிடம் வாங்கும் மற்றவை உரிமம் பெற்ற டீலர் வழியேதான் கைமாற வேண்டும். உங்கள் மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

இத்தனையும் தேறினால், துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அந்த அறைக்கே உரிய தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுங்கள். கண்ணாடி அணியுங்கள், சிலிண்டரின் முன் இடைவெளிக்குப் பக்கத்தில் விரலை வைக்காதீர்கள். வெளியே எடுத்த கூட்டில் புடைப்போ கீறலோ தெரிந்தால் அடுத்ததைப் போடாதீர்கள்.