பழைய வீட்டை இடித்துக் கட்டிய ஃபிளாட்டா? வரி ரசீதை ஒருமுறை படித்துவிடுங்கள்

பில்டர் நீட்டும் ஃபைலில் சொத்து வரி ரசீது ஒன்று கட்டாயம் இருக்கும். நடப்பு அரையாண்டு வரை கட்டியும் இருக்கும். "டாக்ஸ் எல்லாம் கிளியர் மேடம்" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அதை நம்பிப் பத்திரம் முடித்தார். ஒரு கிரவுண்டில் ஆறு ஃபிளாட்; இவருடையது இரண்டாவது மாடி. குடிவந்த பிறகுதான் ரசீதை நிதானமாகப் பார்த்தார். பெயர், மனைக்காரரின் காலமான அப்பாவுடையது. வரி போட்டிருந்தது இடித்துத் தள்ளிய ஓட்டு வீட்டுக்கு. இரண்டாவது மாடி என்று ஒன்று இருப்பதே அந்த மாநகராட்சிக்குத் தெரியாது. (ஊர் எதுவென்று கேட்காதீர்கள்.)

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என அரையாண்டுக்கு ஒருமுறை. தெரு, பரப்பு, பயன்பாடு ஆகியவற்றை வைத்துக் கணக்கு. ஜாயின்ட் வென்ச்சர் (மனைக்காரரும் பில்டரும் சேர்ந்து கட்டும்) ஃபிளாட் என்றால் பழைய வரி எண்ணை முடித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வரி விதிப்பு போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அலுவலகத்துக்குப் போனதும் "பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்க" என்பார்கள். கொடுக்காதீர்கள். பெயர் மாற்றம் என்பது ஏற்கெனவே வரி போட்ட வீடு கைமாறும்போது செய்வது. உங்களுக்கு வேண்டியது புது வரி விதிப்பு. அக்காவின் கட்டடத்தில் தரைத்தளத்துக்காரர் அவசரப்பட்டுப் பெயர் மாற்றம் செய்துகொண்டார். மனை முழுவதற்குமான பழைய எண் அவர் பெயருக்குப் போய்விட்டது. மற்ற ஐந்து பேர் போனபோது, "இந்த டோர் நம்பருக்கு வரி இருக்கே, அவர்கிட்ட என்ஓசி வாங்கிட்டு வாங்க" என்று பதில். அதாவது, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். அவரோ எதில் கையெழுத்துப் போட்டாலும் தன் வீடு போய்விடும் என்று பயந்தார். இந்த முடிச்சைப் போட்டது அலுவலகம். அவிழ்க்க அலைந்தது ஐந்து குடும்பம்.

அடுத்தது நிலுவை. வீட்டை இடித்ததை யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் பழைய வரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கட்டுமானக் காலத்துக்குக் காலி மனை வரி கேட்டு வரலாம். கட்டி முடித்த நாளிலிருந்து புது வரியையும் சேர்த்துக் கேட்பார்கள். சொத்து வரி பாக்கி சொத்தின் மேலேயே நிற்கும். கடைசியில் கையில் வைத்திருப்பவரைத்தான் தேடி வரும். வில்லங்கச் சான்றில் இது வராது, அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான். சென்னை என்றால் ரசீதிலுள்ள மண்டலம், வட்டம், பில் எண், உப எண் நான்கையும் மாநகராட்சி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். குடிநீர் வாரியத்தின் வரி தனி, அதிலும் பாக்கி இருக்கலாம்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைக்கும் நாள் வரையிலான உள்ளாட்சி வரி பில்டர் பொறுப்பு என்கிறது. கட்டாமல் ஒப்படைத்தாலும் அவர்தான் பொறுப்பு. நல்ல விதி. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத மனைக்கு ரெரா பதிவே தேவையில்லை. இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலே 446 சதுர மீட்டர்தான் வரும்! இப்படிக் கட்டுகிற சின்ன பில்டர்கள் பலர் இதற்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். அதனால் இந்தப் பொறுப்பை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக எழுதி வாங்குங்கள்: ஒப்படைக்கும் தேதி வரை எல்லா வரியும் அவருடையது, தனி வரி எண் வாங்கித் தருவதும் அவர் வேலை. கடைசித் தவணையில் ஒரு தொகையை அந்த எண் வரும்வரை பிடித்து வையுங்கள். சாவி கொடுத்த பில்டர் அப்புறம் போனை எடுப்பது அபூர்வம்.

அனுமதி வரைபடத்தையும் கேட்டு வாங்கி வீடுகளை எண்ணுங்கள். தாளில் நான்கு, தரையில் ஆறு என்றால் உங்களுடையது அந்த நான்கில் வருகிறதா? அப்படியும் வரி போட்டுத் தரக்கூடும். வரி போட்டதாலேயே கட்டடம் முறையானதாகிவிடாது.

ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். தனியாகப் போனால் அளக்க வருபவர் ஆறு முறை வர வேண்டும், வரமாட்டார். பத்திரத்தில் உள்ள பரப்பைத்தான் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வாய்வார்த்தையாக எதையும் விடாதீர்கள். விண்ணப்ப எண்ணோ, நகலில் தேதி முத்திரையோ வாங்காமல் படியிறங்க வேண்டாம். பதில் வரவில்லையென்றால் பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு: "இந்தத் தேதியில் கொடுத்த விண்ணப்பம் இப்போது யார் மேசையில் இருக்கிறது?" முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அக்கா இந்த மனுவைப் போட்ட மூன்றாவது வாரம், அதுவரை காணாமல் போயிருந்த ஃபைல் கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது.