சேலத்தில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கலாமா? சட்டம் கேட்பவை

பாகங்களைப் பெட்டியில் வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்டிப் பறப்பது அமெரிக்காவில் பல காலமாக இருக்கும் பழக்கம். பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கற்றுக்கொள்வதற்காகவோ ஆசைக்காகவோ செய்திருக்க வேண்டும், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது என்பவை அங்குள்ள விதிகள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, கிட் வந்து இறங்கினால் ஓமலூர் பக்கமும் பறந்துவிடலாம் என்று நினைத்தால், அவசரப்பட வேண்டாம். அந்த விதி அந்த நாட்டோடு சரி.

இங்கே எல்லாம் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கையில். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடப்பில் இருக்கிறது. விமானத்துக்கு 'விடி' என்று தொடங்கும் பதிவு வேண்டும். பறக்கலாம் என்ற அனுமதி தனியாக வேண்டும். பதிவு கிடைத்துவிட்டாலே பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. கம்பெனித் தயாரிப்புகளின் வடிவமைப்பை முன்பே சோதித்துச் சான்று கொடுத்திருப்பார்கள். வீட்டில் கட்டியதற்கு அது கிடையாது. வருடங்கள் ஓடுவது இந்த இடத்தில்தான். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டிய கேப்டன் அமோல் யாதவுக்கு 2017 நவம்பரில் பதிவு கிடைத்தது. பறக்க அனுமதி வந்தது 2019 அக்டோபரில். இத்தனைக்கும் அவர் தொழில்முறை விமானி.

அதனால் கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன்பே, எந்த மாடல், என்ன எஞ்சின் என்ற விவரத்தோடு டிஜிசிஏவுக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டும்போது ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். இறக்கையை மூடிய பிறகு உள்ளே என்ன செய்தீர்கள் என்று யாருக்கும் காட்ட முடியாது.

அப்புறம் ஓட்டுபவருக்கான உரிமம். மாணவர் உரிமத்துக்கு வயது 16, தனியார் விமானி உரிமத்துக்கு 17. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டாம் வகை மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டக் கூடாது. காமலாபுரத்தில் உள்ள நம் விமான நிலையத்தையும் விமானப் பயிற்சிப் பள்ளிக்கான இடங்களில் ஒன்றாக 2022-இல் தேர்ந்தெடுத்தார்கள். பறப்பதுதான் ஆசை, கட்டுவது அல்ல என்றால் உரிமத்திலேயே தொடங்குங்கள், கிட் பிறகு வரட்டும்.

ஏற்காட்டைச் சுற்றி வரும் கனவு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்வராயன் உச்சி 5,300 அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்று மெலிந்து சின்ன எஞ்சின் வலுவை இழக்கும்; வெயில் ஏறிய பிறகு மலைச்சரிவில் தூக்கிப்போடும். புது விமானத்தின் சோதனைப் பறப்புகளைச் சமவெளியோடு வைத்துக்கொள்வதே நல்லது.

கட்டும் ஆசைதான் பெரிது என்பவர்களுக்கு எளிய வழியும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான, ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்று, அதாவது வடிவமைப்பைச் சோதித்துத் தரும் சான்று, தேவையில்லை. இரண்டு கிலோவுக்குள் இருந்து, வணிகத்துக்கு இல்லை என்றால், அதை இயக்குபவருக்கான ரிமோட் பைலட் சான்றும் வேண்டாம். ஆனால் இடம் பார்க்க வேண்டும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி தேவை, ஓமலூர் அதற்குள் வந்துவிடுகிறது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அனுமதி இல்லாமல் 200 அடி உயரம் வரை பறக்கவிடலாம், அதைத் தாண்டி, முன் அனுமதி தேவைப்படாத பச்சைப் பகுதி என்றால் 400 அடி வரை. கிளம்பும் முன் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.