ஆர்டர் கெட்டுப்போச்சு என்று முதலிலேயே எழுதிப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புது ஆர்டர் தொடங்கும் கூட்டம் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். சரக்கு வாங்கும் பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் தேதிகளை வாசிப்பார். "ஏதாச்சும் பிரச்சினை வருமா?" என்று முதலாளி கேட்பார். "ஒண்ணும் வராதுங்கண்ணா, பாத்துக்கலாங்க" என்று பதில் வரும். டீ குடித்துவிட்டு எழுந்து போவார்கள். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கும். நல்ல காரியம் தொடங்கும்போது நாம் எதற்கு அபசகுனமாகப் பேச வேண்டும் என்று விட்டிருப்பார்.

இந்த யூனிட்களுக்குத் திட்டமிடல் பயிற்சி கொடுப்பது என் தொழில். அந்தக் கேள்வியையே மாற்றச் சொல்வேன். "ஆர்டர் கெட்டுப்போச்சு. தூத்துக்குடியில் கப்பலை விட்டுவிட்டு, சரக்கை விமானத்தில் அனுப்பி, லாபம் மொத்தமும் அதிலேயே போயாச்சு. ஏன் இப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் விளக்கிய முறை இது. பிரீமார்ட்டம் என்பார்கள். பிரச்சினை வரலாம் என்று ஒருவர் சொன்னால், பக்கத்து டிபார்ட்மென்டைக் குறை சொல்வதாக ஆகிவிடும். வந்தேவிட்டது என்று வைத்துக்கொண்டால், காரணம் சொல்பவர் கெட்டிக்காரர்.

ஆளுக்கு ஒரு தாள், பத்து நிமிடம், பேச்சு கூடாது. எழுத வராதவர் சொல்லட்டும், இன்னொருவர் எழுதட்டும். அப்புறம் வரிசையாக ஒருவர் ஒரு காரணம் மட்டும் வாசிக்க வேண்டும். தீரும்வரை சுற்று சுற்றாகப் போகலாம். முதலாளியின் தாள் கடைசியில்தான். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் முதலில் "டையிங்தான் காலை வாரும்" என்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் தாளிலும் டையிங்தான் இருக்கும்.

குழந்தைகள் உடை ஆர்டர் ஒன்றுக்கு இதைச் செய்தபோது, பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரே ஒரு வரி சொன்னார். "பட்டன்ல இரும்பு இருந்தா, ஊசி பாக்கற மிஷின் எல்லாப் பீஸுக்கும் கத்துமுங்களே." தையலில் உடைந்த ஊசித் துண்டு துணியில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸையும் அந்த மிஷினில் விடுவார்கள். அது தேடுவது இரும்பை. பட்டனே இரும்பாக இருந்தால் ஊசி எது, பட்டன் எது? மெர்ச்சண்டைசர் சாம்பிள் பட்டனை எடுத்துப்போய் மிஷினில் விட்டார். கத்தியது. மேலே பித்தளை நிறம், உள்வளையம் இரும்பு. பட்டன் ஆர்டர் அதுவரை போகவில்லை, நல்ல காலம். பையர், மெர்ச்சண்டைசர், முதலாளி எல்லோரும் பார்த்து ஓகே செய்த பட்டன் அது.

நூல் விலை, கரண்ட், தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாதது — இவை எல்லாத் தாளிலும் இருக்கும். தவறில்லை, ஆனால் அப்படியே விட்டால் அது வெறும் புலம்பல். "தீபாவளிக்கு அடுத்த வாரம் ஓவர்லாக் லைனில் பாதிப் பேர் இல்லை" என்று எழுத வையுங்கள். அப்போதுதான் அந்த வாரத்துக்கான தையலை முன்னால் இழுப்பதா, வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதா என்று பேச முடியும். கொஞ்சம் வயதானவர்கள் "சாயப்பட்டறை மூடிட்டாங்க" என்றும் எழுதுவார்கள். சிரிக்காதீர்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தவித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மூடுவதைத் தடுக்க நம்மால் முடியாது. அதே ஷேடுக்கு இன்னொரு பட்டறையில் லேப் டிப், அதாவது நிறம் சரிபார்க்கச் சின்னத் துணியில் சாயம் போட்ட மாதிரி, போட்டு வைக்க முடியும்.

வந்த காரணங்கள் எல்லாவற்றுக்கும் மருந்து தேடினால் ஆர்டர் நகராது. நான்கைந்தைப் பிடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. "டிபார்ட்மென்ட் பாத்துக்கும்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

லேப் டிப் ஓகே ஆன பிறகு, மொத்தத் துணிக்கும் பட்டன், லேபிளுக்கும் ஆர்டர் போடுவதற்கு முன், இந்தக் கூட்டத்தை வையுங்கள். துணி வந்து இறங்கிய பிறகு என்ன கண்டுபிடித்தாலும் காசு கொடுத்துத்தான் திருத்த வேண்டும். பிரிண்டிங், எம்பிராய்டரி வெளியே போகிறது என்றால் அந்த ஜாப் ஒர்க் ஆட்களையும் கூப்பிடுங்கள். உங்கள் தேதியை அவர்கள் பலரும் அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள்.