கறுப்பு-வெள்ளைச் சுருளுக்குள் தங்கிவிட்ட வண்ணம்

வண்ணமூட்டி வெளியிடப்பட்ட பழைய பிரிட்டிஷ் போர்க்கால நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்த வாசகர், அதைக் குறித்துப் பார்வையாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதைச் சொல்லி, ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஒரு தரப்பினர் "நேற்று எடுத்த படம் போல இருக்கிறது" என்று மகிழ்கிறார்கள். மறுதரப்பினரோ எல்லார் முகமும் ஒரே பழுப்பு, சீருடையும் சுவரும் மரமும் ஒரே சாயம் என்று முகம் சுளிக்கிறார்கள். ஒரே படத்தைப் பார்த்தவர்கள் ஏன் இப்படி மாறுபடுகிறார்கள், படப்பிடிப்பின்போது அங்கே உண்மையில் இருந்த நிறத்தை மீட்கவே முடியாதா என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் முடியாது. ஆனால் முடிந்த ஓர் அரிய நிகழ்வு உண்டு, அதுவும் போர்க்கால நகைச்சுவை ஒன்றிலேயே நடந்தது என்பதால் அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொதுவான சிக்கலைப் பார்த்துவிடலாம். வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் தேவை. கறுப்பு-வெள்ளையில் எஞ்சுவது ஒரே எண், அதாவது பிரகாசம். தொலைக்காட்சியில் அந்த எண், சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை. சிவப்பு 110, பச்சை 100, நீலம் 70 என்ற காக்கியை எடுத்துக்கொண்டால் பிரகாசம் ஏறத்தாழ 100 வரும். சிவப்பு 200, பச்சை 58, நீலம் 50 என்ற செங்கல் சிவப்புக்கும் அதே 100தான், சிவப்பு 60, பச்சை 110, நீலம் 150 என்ற நீலத்துக்கும் அதே 100தான். காக்கிச் சட்டையும் செங்கல் சுவரும் நீலக் கதவும் ஒரே சாம்பலாகப் பதிந்துவிட்ட பிறகு, எது எதுவாக இருந்தது என்பதை அந்தச் சாம்பலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது.

ஆகவே வண்ணமூட்டுபவர் ஊகிக்கிறார். சீருடை, நாற்காலி, விளம்பரப் பலகை என்று ஒவ்வொன்றையும் ஆவணங்களில் தேடிப் பார்த்துக் கையால் நிறம் கொடுத்தால் அது நல்ல ஊகம். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கணினி நிரலான செயற்கை நரம்பு வலை நிறம் கொடுத்தால் அது விரைவான ஊகம். வாசகர் குறிப்பிட்ட பழுப்புச் சாயத்துக்குக் காரணம் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறது. ஒரு சட்டை சிவப்பாகவும் இருந்திருக்கலாம், நீலமாகவும் இருந்திருக்கலாம் என்ற நிலையில், பிழையின் வர்க்கச் சராசரியைக் குறைக்கும்படி பயிற்றுவிக்கப்பட்ட வலை, இரண்டில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுக்காமல் நடுவிலுள்ள மங்கிய நிறத்தில் போய் நிற்கிறது. அதுதான் அதற்குத் தண்டனை குறைந்த இடம். ரிச்சர்ட் ஜாங், பிலிப் ஐசோலா, அலெக்ஸி எஃப்ரோஸ் ஆகியோர் 2016-இல் இக்குறையைச் சுட்டிக்காட்டி, நிறத்தைச் சராசரி எண்ணாகக் கணிக்காமல் பல சாத்தியங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையை முன்வைத்தார்கள். அதனால் நிறம் அடர்த்தியானதே தவிர, அது உண்மையான நிறம் என்பதற்கு உறுதி ஏற்படவில்லை.

இவ்வளவு பிழைகளோடும் பலர் படத்தை ரசிப்பதற்குக் காரணம் நம் பார்வையின் இயல்பு. பிரகாச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிரித்தறியும் கண், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிவதில்லை. எனவே விளிம்பைத் தாண்டிச் சற்றே வழிந்த நிறத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. மூளையும் தன் பங்குக்கு நிறத்தை நிரப்புகிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரையிலுள்ள வாழைப்பழத்தைச் சாம்பல் நிறமாகத் தெரியும்படி மாற்றச் சொன்னபோது, பார்வையாளர்கள் அதைச் சாம்பலைத் தாண்டிச் சற்று நீலத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உண்மையான சாம்பலில் இருந்தபோதும் பழம் அவர்களுக்கு இன்னும் மஞ்சளாகவே தெரிந்தது என்பதே அதன் பொருள். புல், வானம், பழம் போன்ற பழகிய பொருள்களில் நம் நினைவு ஊகத்துக்கு ஒத்துழைக்கிறது. மனித முகத்தில் அப்படியில்லை, சிறு பிசகும் நோயாளியின் நிறமாகத் தோன்றுகிறது. இதோடு, கறுப்பு-வெள்ளைக்கென்றே எடுத்த படத்தில் உருவங்களைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வேலையை ஒளியும் நிழலுமே செய்திருக்கும். அதன்மேல் நிறமும் ஏறும்போது முகங்களின் ஓரம் தேவைக்கு மீறிப் பளிச்சிடும். முகம் சுளிப்பவர்கள் காரணமில்லாமல் சுளிக்கவில்லை.

இனி அந்த அரிய நிகழ்வுக்கு வருகிறேன். "டாட்ஸ் ஆர்மி" என்பது ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி, பிபிசி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பிய நகைச்சுவைத் தொடர். இரண்டாம் உலகப் போரின்போது, படையில் சேர முடியாத முதியவர்களும் இளைஞர்களும் ஊர்க்காவலுக்குத் திரண்ட கதை. அதன் மூன்றாம் பருவத்தில், தாம் முறைப்படி கேப்டனாக நியமிக்கப்படவே இல்லை என்று அந்த ஊர்க்காவல் அணியின் தலைவர் மெயின்வேரிங் அறிந்து சாதாரணச் சிப்பாயாக இறங்கும் பகுதி 1969 அக்டோபர் 16 அன்று ஒளிபரப்பானது. அது வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஆனால் பிபிசி ஒன்றில் வண்ணச் சேவை முறையாகத் தொடங்கியது அவ்வாண்டு நவம்பர் 15 அன்றுதான் என்பதால், முதலில் பார்த்தவர்களுக்குக் கறுப்பு-வெள்ளையிலேயே கிடைத்தது. அக்காலத்தில் ஒளிநாடா விலை மிகுந்த பொருளாதலால், பழைய பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது வழக்கமாக இருந்தது. அப்படியே இதன் வண்ண நாடாவும் அழிந்தது. எஞ்சியது, வெளிநாட்டு விற்பனைக்கு எடுக்கப்படும் வகையைச் சேர்ந்த 16 மில்லிமீட்டர் கறுப்பு-வெள்ளைத் திரைச்சுருள் மட்டுமே. உயர்தரத் திரை ஒன்றில் நிகழ்ச்சியை ஓடவிட்டு, அதன் எதிரே திரைப்படக் கேமராவை வைத்துப் படமெடுத்து அத்தகைய சுருள்களைத் தயாரிப்பார்கள்.

இந்தச் சுருளில் வண்ணம் எப்படித் தங்கியது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனிலும், 1982 முதல் நம் தூர்தர்ஷனிலும் பயன்பட்ட பிஏஎல் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையில், பிரகாசத்தைக் குறிக்கும் சமிக்ஞையின் மேலேயே 4.43361875 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு துணை அலை ஏற்றி அனுப்பப்படும். அந்த அலையின் வீச்சு நிறத்தின் அடர்த்தியையும், அதன் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, எந்த நிறம் என்பதையும் சொல்லும். வண்ணப் பெட்டி இந்த அலையைப் பிரித்தெடுத்து நிறமாக மாற்றும். கறுப்பு-வெள்ளைத் திரைக்கு அதெல்லாம் தெரியாது. அது அலையின் ஏற்ற இறக்கத்தையும் பிரகாசத்தின் ஏற்ற இறக்கமாகவே காட்டும். ஆகவே நிறமுள்ள இடங்களில் மட்டும் மிக நெருக்கமான புள்ளிகளின் வலை ஒன்று திரையில் படரும். இந்தப் புள்ளிகள் உறுத்தலாக இருக்கும் என்பதால் சுருளில் பதியும்போது வடிகட்டி போட்டு நீக்குவது முறை. சில சுருள்களுக்கு வடிகட்டி போடாமல் விட்டிருக்கிறார்கள், அவற்றில் புள்ளிகள் அப்படியே பதிந்துவிட்டன. பிபிசியின் ஆவணப் பாதுகாப்பில் பணியாற்றிய ஜேம்ஸ் இன்செல் இதைக் கவனித்து, அந்த உறுத்தலே வண்ணத்தின் பதிவு என்று எடுத்துச் சொன்னார். பிபிசியில் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதினார்.

புள்ளிகளை நெருங்கிப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஒரு வரிக்கான நேரத்தில் துணை அலை ஏறத்தாழ 283.75 முறை அதிர்கிறது. இந்தக் கால் பங்குக் குறையால், அடுத்த வரியில் புள்ளிகள் கால் அலை தூரம் நகர்ந்து விழுகின்றன, வரிவரியாகப் பார்த்தால் சாய்ந்த கோடுகள் தோன்றுகின்றன. நிறத் தகவலில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று நீலத்தைச் சார்ந்தது, மற்றொன்று சிவப்பைச் சார்ந்தது. பரப்பும்போது நேரும் நிறப் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதற்காக, பிஏஎல் முறையில் சிவப்புக் கூறு மட்டும் ஒன்றுவிட்டு ஒரு வரியில் தலைகீழாக்கப்படுகிறது. அதன் விளைவாகச் சிவப்புக் கூறின் புள்ளிகள் ஒரு பக்கமும் நீலக் கூறின் புள்ளிகள் எதிர்ப்பக்கமும் சாய்கின்றன. 1960-களில் முற்றிலும் வேறொரு நோக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, புள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டே இரு கூறுகளையும் தனித்தனியே அளக்க வழிசெய்திருக்கிறது.

ஆயினும் இரண்டு தடைகள் இருந்தன. காணக்கூடிய ஒரு வரியில் சுமார் 230 அலைகள் இருப்பதால், படத்தின் அகலத்தில் 920-இல் ஒரு பங்கு இடம் பிசகினாலே கட்டம் 90 பாகை பிசகி நிறம் முற்றிலும் மாறிவிடும். சுருளோ சுருங்கியிருக்கும், கேமராவில் ஓடும்போது ஆடியிருக்கும், எதிரே இருந்த திரையும் படத்தைச் சற்று வளைத்திருக்கும். புள்ளிகளின் இடைவெளி எவ்வளவாக இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியுமாதலால், அந்த வலை எங்கெங்கே கோணியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டே படத்தை நேர்செய்ய முடிந்தது. இரண்டாவது தடை, கட்டத்தை எதிலிருந்து அளப்பது என்பது. ஒளிபரப்பில் ஒவ்வொரு வரிக்கும் முன்பாக ஓர் ஒப்பீட்டு அலை வரும். அது படத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் சுருளில் பதிவதில்லை. அது இல்லாமல் ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு சாத்தியமான நிறங்கள் மிஞ்சுகின்றன. மெயின்வேரிங்கின் கன்னம் மனித நிறத்தில் இருக்கலாம், கத்தரிப்பூ நிறத்தில் இருக்கலாம், பச்சையாகவோ நீலமாகவோகூட இருக்கலாம். இந்த நான்கில் எது சரி என்று சொல்ல ஒருவர் முகத்தைப் பார்த்தாலே போதும். வண்ணமூட்டிய படத்தை மன்னிக்க மறுக்கும் அதே கண்டிப்பான பார்வை, இங்கே மீட்புக்குத் துணையாகிறது.

2008 டிசம்பர் 13 அன்று பிபிசி இரண்டில் அந்தப் பகுதி மீண்டும் வண்ணத்தில் ஒளிபரப்பானது. அதில் தெரிந்த காக்கி யாருடைய ஊகமும் அன்று, 1969-இல் அந்த அரங்கில் கேமரா கண்ட காக்கி. இதே முறையால் பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான "டாக்டர் ஹூ"வின் சில பகுதிகளும் மீண்டன. அவற்றுள் 1971-இல் வந்த ஒரு கதையின் முதல் பகுதியில் மட்டும் புள்ளிகள் இல்லாததால், அதற்குக் கையால் வண்ணமூட்ட வேண்டியதாயிற்று. ஒரே கதைக்குள் சான்றும் ஊகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊகத்தை நான் குறைத்துப் பேசவில்லை, உழைத்துச் செய்த ஊகம் மதிப்புக்குரியது. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி விற்பதை ஏற்க முடியாது. எது மீட்ட நிறம், எது ஊட்டிய நிறம் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும்.

ஆவணக் காப்பகங்களுக்கு நிதி ஒதுக்குவோர் இதிலிருந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செலவைக் குறைப்பதற்காகச் சுருளைக் குறைந்த துல்லியத்தில் மின்னுருவாக்கி, "இரைச்சல் நீக்கம்" செய்து, பிறகு மூலத்தைக் கைவிடும் பழக்கம் மிகக் கேடானது. வண்ணத் தொலைக்காட்சிக் காலத்துச் சுருளில் இரைச்சலாகத் தெரியும் அந்த மென்புள்ளிகள் ஒரு முறை அழிந்துவிட்டால், எவ்வளவு திறமையான மென்பொருள் பின்னால் வந்தாலும் அதற்குப் படிக்க எதுவும் இருக்காது. சுருளை அதன் முழுத் துல்லியத்தில், எந்த மெருகும் ஏற்றாமல் முதலில் பதிவுசெய்து வைக்க வேண்டும். சுத்தம் செய்யும் வேலையை அதன் நகலில் வைத்துக்கொள்ளலாம்.