நேற்று வரை சக ஊழியர், இன்று மேனேஜர்: முதல் மாதத்தில் கவனிக்க வேண்டியவை

புரமோஷன் கிடைத்ததும் பலர் டீமிடம் முதலில் சொல்வது, "ஒண்ணும் மாறல, நான் அதே ஆள்தான்." நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் யாரும் நம்புவதில்லை. லீவை அனுமதிப்பதும் அப்ரைசலில் ரேட்டிங் போடுவதும் இனி நீங்கள்தானே! மாறியதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் அப்போதே குறையும்.

அதற்கு முன் மேலதிகாரியிடம் உங்கள் அதிகார எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள்: லீவு, ரேட்டிங், வேலைப் பங்கீடு, செலவு ஒப்புதல் இவற்றில் எதில் உங்கள் முடிவே இறுதி? பொறுப்பேற்ற செய்தியை டீமுக்கு அவரே அறிவிக்கட்டும்.

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். அதே பதவிக்கு முயன்று கிடைக்காதவர் இருந்தால் அவரிடம் முதலில். ஆறுதல் சொல்லப் போனால் புண்ணைத்தான் கிளறுவீர்கள். "நீங்களும் எதிர்பார்த்திருந்தீங்கன்னு தெரியும்" என்ற ஒரு வரி போதும். பிறகு அவருக்குப் பெயர் சொல்லும்படியான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த புரமோஷன் உங்களுக்குத்தான் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

சிக்கலான இடம், நண்பராக இருந்தபோது காதில் விழுந்தவை. ஒருவர் வெளியே வேலை தேடுவது உங்களுக்குத் தெரியும். அதை மனதில் வைத்து நல்ல ப்ராஜெக்டை வேறொருவருக்குத் தள்ளினால், எதற்காகச் செய்தீர்கள் என்பதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இனிமேல் சொல்லப்படுவதற்குக் கணக்கு வேறு. பாலியல் தொல்லை, பாதுகாப்புக் குறைபாடு போன்ற புகார்களை உங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது. ஆகவே பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதே, "இதைக் கேட்டுட்டா நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

லீவு விஷயத்தில் பட்சபாதம் சீக்கிரம் கண்ணில் படும். ஒரே நாளுக்கு இருவர் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்பதை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நடுநிலை காட்ட நெருங்கிய நண்பருக்கு மட்டும் லீவை மறுப்பதும் அநியாயம்தான். மீட்டிங்கில் ஒருவரை "வாடா" என்றும் மற்றவர்களை "வாங்க" என்றும் அழைத்தால், மற்றவர்கள் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

பழைய வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சொல்லிக்கொண்டே விலகிவிடுங்கள். நீங்கள் இல்லாத இன்னொரு குரூப் உருவாகும், அதைத் துருவ வேண்டாம்.

உங்கள் பழைய வேலையை விடுவது இதைவிடக் கடினம். வேகமாக முடித்துவிடலாம் என்று கையிலேயே வைத்திருந்தால் மற்றவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள், உங்களிடமே எல்லாம் தேங்கும். எந்த வேலை, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி ஒப்படையுங்கள்.

முதல் தவறு நடக்கும்போது தள்ளிப்போடாமல் ஓரிரு நாளில் தனியாக அழைத்துப் பேசுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் எதைப் பார்ப்பது? "செவ்வாய்க்கிழமை வர வேண்டிய ரிப்போர்ட் வியாழக்கிழமைதான் வந்தது, அதனால பில்லிங் ரெண்டு நாள் நின்னுபோச்சு. என்ன தடை?" என்று கேளுங்கள். பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். அப்ரைசல் நேரத்தில் இருவருக்கும் அதுதான் ஆதாரம்.